சுகவீன பெனிபிட்டும் யுசி50 படிவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரித்தானியாவில் நோய் வந்து வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு அரசு கொடுக்கும் பெனிபிட் பற்றியும், அதற்காக வீட்டுக்கு வரும் தடித்த படிவம் பற்றியும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. நான் வழக்கறிஞர் இல்லை. தெரிந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கப் போய், அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களை அனுப்ப, ஈஸ்ட் ஹாமில் கேட்ட அதே கேள்வியை ஹாரோவிலும் டூட்டிங்கிலும் கேட்டு, கடைசியில் உட்கார்ந்து எழுதியது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்துக்குப் பொருந்தும். தொகைகள் ஏப்ரல் தோறும் மாறும்.

வருத்தம் வந்து வேலைக்குப் போக ஏலாமல் இருக்கு. முதல்ல யாரிட்டப் போறது?

சம்பள வேலை என்றால் முதலில் முதலாளியிடம். சட்டப்படியான சிக் பே அதிகபட்சம் 28 வாரம் வரை அவர்தான் தரவேண்டும். முதல் 7 நாளுக்கு நீங்களே எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கு மேல் ‘ஃபிட் நோட்’ என்ற மருத்துவச் சான்று (பலர் வாயில் ‘சிக் நோட்’) வேண்டும். 2022 ஜூலையிலிருந்து டொக்டர் மட்டுமல்ல, நர்ஸ், ஃபிசியோதெரபிஸ்ட், பார்மசிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகியோரும் அதைக் கொடுக்கலாம். குடும்ப டொக்டரான ஜிபியின் அப்பாயின்மென்ட் கிடைக்கவில்லை என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

சிக் பே முடிந்தாலோ, மினிகேப் ஓட்டுவது போலச் சுயதொழில் செய்து அது கிடைக்காமல் போனாலோ, அடுத்தது அரசிடம் போவதுதான்.

யூனிவர்சல் கிரெடிட்டா, இஎஸ்ஏயா? எனக்கு எது?

‘நியூ ஸ்டைல் இஎஸ்ஏ’ (எம்ப்ளாய்மென்ட் அண்ட் சப்போர்ட் அலவன்ஸ்) என்பது நீங்கள் கட்டிய நேஷனல் இன்சூரன்ஸுக்குக் கிடைப்பது. கடந்த 2, 3 வரி ஆண்டுகளில் போதுமான அளவு கட்டியிருக்க வேண்டும். மனைவியின் சம்பளமோ வங்கியில் கிடக்கும் பணமோ இதைப் பாதிக்காது. கையில் காசாக வாங்கி வேலை செய்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் அடி விழும்: கட்டியதாகப் பதிவே இருக்காது.

யூனிவர்சல் கிரெடிட் வீட்டு வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துக் கொடுப்பது. இரண்டுக்கும் தகுதி இருந்தால் இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். இஎஸ்ஏயில் வரும் தொகையை யூனிவர்சல் கிரெடிட்டில் அப்படியே கழித்துவிடுவார்கள். பின் தேதியிட்டுக் கேட்பதென்றால் இஎஸ்ஏக்கு 3 மாதம் வரை முடியும். யூனிவர்சல் கிரெடிட்டில் ஒரு மாதம்தான், அதுவும் தக்க காரணம் இருந்தால்.

ஊர்ல வீடு, காணி இருக்கு. நகை இருக்கு. சொல்ல வேணுமா?

யூனிவர்சல் கிரெடிட் என்றால் வீட்டையும் காணியையும் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் குடியிருக்காத வீடு யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் தஞ்சாவூரில் இருந்தாலும் அது சொத்துக் கணக்கில் வரும். மொத்தம் 16,000 பவுணைத் தாண்டினால் கிடைக்காது. 6,000 பவுண் வரை கண்டுகொள்ள மாட்டார்கள். இடைப்பட்டால் கொஞ்சம் குறைப்பார்கள். அண்ணன் தம்பிகளோடு கூட்டாக இருக்கும் காணி என்றால் உங்கள் பங்கின் மதிப்பைத்தான் பார்க்க வேண்டும், அதை விளக்கி எழுதுங்கள்.

போட்டுக்கொள்ளும் நகை சொந்த உடைமை. சேமிப்பை மறைக்கவென்று வாங்கியதாக இல்லாவிட்டால் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. தாலிக்கொடியை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

டொக்டர் சிக் நோட் தந்திட்டாரே, அது போதாதா?

அது தொடக்கம்தான். டொக்டர் ‘இவரால் இப்போது முடியாது’ என்று சொல்வார். பெனிபிட் தரும் அரசுத் துறையான டிடபிள்யூபி தன் பங்குக்கு ஒரு சோதனை வைக்கும். 2008இல் இஎஸ்ஏயோடு வந்த இந்தச் சோதனையின் பெயர் ‘வேர்க் கேப்பபிலிட்டி அசெஸ்மென்ட்’. படிவம் அதன் முதல் பாதி, நேரிலோ போனிலோ பேசுவது மறுபாதி.

ஃபிட் நோட்டை அலமாரியில் வைத்துவிட்டு ‘கொடுத்தாச்சு’ என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் உள்ளே போய், உடல்நிலை மாறியது என்று பதிந்து, நோட்டின் தேதிகளைப் போட வேண்டும். முடிவு வரும்வரை ஒரு நோட் முடிவதற்குள் அடுத்ததை இடைவெளி விடாமல் போடுங்கள். கடுமையான நிலையில் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் தொகைக்குப் (கீழே வரும்) பொதுவாக 3 மாதக் காத்திருப்பு உண்டு. அது நீங்கள் நோயாளியான நாளிலிருந்து ஓடாது, மருத்துவச் சான்று கொடுத்த நாளிலிருந்துதான் ஓடும்.

ஃபோம் வந்திட்டுது. எத்தனை நாள் தருவாங்கள்? உள்ளுக்கு என்ன இருக்கு?

யூனிவர்சல் கிரெடிட் என்றால் யுசி50, இஎஸ்ஏ என்றால் இஎஸ்ஏ50. உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுதான். திருப்பி அனுப்பப் பொதுவாக 4 வாரம் தருவார்கள். கடைசித் தேதி கூட வரும் கடிதத்தில் இருக்கும். முடியாவிட்டால் தேதி தாண்டும் முன் போன் செய்து அவகாசம் கேளுங்கள், காரணத்தை யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் உள்ள ‘ஜர்னல்’ பகுதியிலும் எழுதுங்கள். தக்க காரணமின்றி அனுப்பாமல் விட்டால் ‘வேலை செய்யக்கூடியவர்’ என்று முடித்துவிடலாம்.

அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். தபால் நிலையத்தில் கொடுத்து, அனுப்பியதற்கான சான்றிதழ் கேளுங்கள், இலவசம். சிவப்புத் தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டு ‘கிடைக்கவில்லை’ என்று பதில் வாங்கியவர்களைக் கேட்டால் இதன் அருமை சொல்வார்கள்.

புள்ளி என்கிறார்களே, அது எப்படி?

17 செயல்கள். 10 உடல் சார்ந்தவை: நடப்பது, நிற்பது-இருப்பது, கை நீட்டுவது, தூக்குவது, விரல் வேலை, பேசிப் புரியவைப்பது, பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வது, வழி கண்டு பத்திரமாகப் போவது, மலசலக் கட்டுப்பாடு, நினைவு தப்புவது. 7 மனம் சார்ந்தவை: புதிதாகக் கற்பது, ஆபத்தை உணர்வது, ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பது, மாற்றத்தைத் தாங்குவது, தனியே வெளியே போவது, ஆட்களோடு பழகுவது, நடத்தை. ஒவ்வொன்றிலும் உங்களுக்குப் பொருந்தும் நிலைக்கு 0, 6, 9, 15 என்று புள்ளி. எல்லாம் சேர்ந்து 15 வந்தால் ‘வேலைத் திறன் குறைந்தவர்’.

அளவுகோல்கள் ரொம்பச் சின்னச் சின்னவை. அரை லிட்டர் பால் பெட்டியைத் தூக்க முடியாது என்றால் 15, ஒரு லிட்டர் முடியாது என்றால் 9. இரண்டு கையாலும் ஒரு பவுண் நாணயத்தைப் பொறுக்க முடியாது என்றால் 15. தொப்பி போடுவதுபோல் ஒரு கையையும் தலை வரை உயர்த்த முடியாது என்றால் 9. நடையில் 50 மீட்டருக்கு மேல் நிற்காமல் போக முடியாவிட்டால் 15, 100 மீட்டர் என்றால் 9, 200 மீட்டர் என்றால் 6. கைப்பிடி இருந்தும் துணையின்றி இரண்டு படி ஏறி இறங்க முடியாவிட்டால் 9. ஒரே செயலில் இரண்டு பொருந்தினால் பெரியதை மட்டும் எடுப்பார்கள்.

நோயின் பெயருக்குப் புள்ளி இல்லை. ‘எனக்கு டயபெட்டிஸ், பிரஷர், கொலஸ்ட்ரோல், முதுகில் டிஸ்க்’ என்று பக்கம் நிறைய எழுதினாலும், அதனால் எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்லாவிட்டால் 0தான்.

நான் நடக்கிறன்தானே, ஆனா நோவோட. ‘முடியும்’ என்று போடுறதா, ‘முடியாது’ என்றா?

நான் அதிக நேரம் செலவழிப்பது இந்தக் கேள்வியில்தான். சட்டம் கேட்பது நடக்க முடியுமா என்று அல்ல. குறிப்பிடத்தக்க வேதனையோ களைப்போ இல்லாமல், நிற்காமல், எவ்வளவு தூரம்? அதையே நியாயமான நேரத்துக்குள் திரும்பத் திரும்பச் செய்ய முடியுமா? 50 மீட்டர் என்பது ஏறத்தாழ ஐந்து டபுள் டெக்கர் பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். கைத்தடியோடு போகும் தூரத்தைத்தான் பார்ப்பார்கள். கையால் தள்ளும் சக்கர நாற்காலியை நீங்கள் பயன்படுத்தக்கூடும் என்றால் அதையும் சேர்ப்பார்கள். தோள், கை, மூச்சு என்று எதனாலாவது அது முடியாதென்றால் எழுதிவிடுங்கள்.

ஒரு ஐயா எழுதிக்கொண்டு வந்தது: ‘முழங்கால் வலி. மெதுவாக நடப்பேன்.’ பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் மூன்று விளக்குக் கம்பத் தூரம். முதல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டாவதற்கு முன்னாலேயே பக்கத்து வீட்டு மதிலில் இருந்துவிடுவார். கண்ணுக்கு முன்னே பஸ் போனாலும் எழும்ப மாட்டார். வீடு திரும்பினால் பின்னேரம் வரை காலுக்குத் தலையணை வைத்துப் படுக்கை. அன்றைக்கு இன்னொரு தரம் வெளியே போகும் பேச்சே கிடையாது. படிவத்தில் எழுத வேண்டியது இதைத்தான். எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள், நின்றால் என்ன செய்கிறது, வலி அடங்க எவ்வளவு நேரம், அன்றே மறுபடி முடியுமா என்ற நாலும் அதற்குள் வந்துவிட்டன.

இன்னொன்று. நம் வாயில் ‘பரவாயில்லை, சமாளிக்கிறேன்’ சுலபமாக வரும். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டால், சோற்றுப் பானையை இறக்குவது மகன், தலை சீவிவிடுவது மகள், மருந்து ஞாபகப்படுத்துவது மனைவி. அது சமாளிப்பது இல்லை, பிறர் செய்து தருவது. படிவத்தில் அப்படியே எழுதுங்கள். கூட்டியும் எழுத வேண்டாம்; ஒரு பக்கத்தில் ‘கை தூக்கவே முடியாது’ என்று எழுதிவிட்டு இன்னொரு பக்கத்தில் கார் ஓட்டுகிறேன் என்றால் முழுப் படிவத்தையும் நம்ப மாட்டார்கள்.

ஒரு நாள் நல்லா இருக்கேன், மறுநாள் எழுந்திருக்கவே முடியல. எந்த நாளை எழுதறது?

இரண்டையும், கணக்கோடு. ‘வாரத்தில் 4 நாள் இப்படி, 3 நாள் அப்படி.’ பெரும்பாலான நேரம் எது என்பதுதான் முடிவை நிர்ணயிக்கும். நல்ல நாளில் ஓடியாடி வேலை செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துக் கிடப்பீர்கள் என்றால் அந்த இரண்டு நாளும் அந்த நல்ல நாளின் விலை, சேர்த்து எழுதுங்கள். இரண்டு வாரம் ஒரு டயரியில் இரண்டிரண்டு வரி குறித்து அதையே இணைத்தாலும் நல்லதுதான்.

எனக்கு இங்கிலிஷ் வராது. மகள் நிரப்பலாமா? இங்கிலிஷ் தெரியாததுக்குப் புள்ளி உண்டா?

யாரும் நிரப்பலாம், கையெழுத்து உங்களுடையது, நிரப்பியவர் விவரம் எழுத இடம் இருக்கிறது. மொழி தெரியாததற்குப் புள்ளி இல்லை. பேசுவது, புரிந்துகொள்வது பற்றிய கேள்விகள் காது, வாய், மூளை சார்ந்த நோய்களுக்கானவை. பக்கவாதத்துக்குப் பிறகு தமிழிலேயே சொல் குழறுகிறது என்றால் அது வேறு, கட்டாயம் எழுதுங்கள்.

அசெஸ்மென்ட்டுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று படிவத்திலேயே கேளுங்கள், காசு இல்லை. பெண் டொக்டரோ நர்ஸோ வேண்டுமென்றாலும் கேட்கலாம், முடிந்தால் தருவார்கள்.

மனவருத்தத்தைப் பற்றி எழுத வெட்கமா இருக்கு. பிள்ளைதான் மொழிபெயர்க்கிறான். விட்டிடலாமா?

விடாதீர்கள். 7 செயல்கள் அதற்காகவே இருக்கின்றன. முதுகுவலிக்கு மூன்று பக்கம் எழுதிவிட்டு, இரவில் தூக்கமில்லாததையும், கதவு தட்டினால் உடம்பு நடுங்குவதையும், கடைக்குப் போய்ப் பாதியில் திரும்புவதையும் ஒரு வரியில் தாண்டிப் போகிறவர்களைப் பார்க்கிறேன். போரிலும் தடுப்பிலும் இருந்து வந்தவர்களுக்கு முதுகைவிட இதுவே பெரிய தடையாக இருக்கும். அங்கே நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. அதனால் இன்று என்ன முடியவில்லை என்பது போதும்: தனியே பஸ் ஏறுவதில்லை, தெரியாதவர் பேசினால் அறைக்குள் போய்விடுகிறேன், குளிக்க யாராவது சொல்ல வேண்டும்.

பிள்ளை முன்னால் சொல்ல முடியாதென்றால் பிள்ளையை வைத்து நிரப்பாதீர்கள். இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ், உள்ளூர் கவுன்சிலின் பெனிபிட் ஆலோசகர்கள் போன்றவர்களிடம் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். சித்திரவதைக்கு உள்ளானவர்கள் ஃப்ரீடம் ஃப்ரொம் டோர்ச்சர் அமைப்பிடம் ஏற்கெனவே சிகிச்சை பெற்றிருந்தால் அவர்கள் தந்த கடிதத்தின் கொப்பியையும் வைக்கலாம்.

என்ன கடிதம் வைக்கணும்? ஜிபி கடிதத்துக்குக் காசு கேட்கிறாங்க.

இருப்பதை வையுங்கள்: ஸ்பெஷலிஸ்ட் கடிதம், மருந்துப் பட்டியல், ஃபிசியோ அறிக்கை, கேர் பிளான். மூலத்தை அல்ல, கொப்பியை. ஒவ்வொரு தாளிலும் பெயரும் நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணும். உங்களுக்கென்று தனிக் கடிதம் எழுத ஜிபி காசு கேட்கலாம். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். தேவையென்றால் அசெஸ்மென்ட் நடத்துபவர்களே ஜிபிக்குப் படிவம் அனுப்பிக் கேட்பார்கள், அதற்கு உங்களிடம் கட்டணம் இல்லை. ‘இவருக்கு மூட்டுவாதம்’ என்ற கடிதத்தைவிட ‘இவரால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது’ என்ற ஒரு வரி மேல்.

அசெஸ்மென்ட்ல என்ன செய்வாங்க?

2024 செப்டம்பரிலிருந்து லண்டனிலும் தென்கிழக்கிலும் இன்ஜியஸ், வடக்கிலும் ஸ்கொட்லாந்திலும் மேக்ஸிமஸ், மிட்லண்ட்ஸிலும் வேல்ஸிலும் கேப்பிட்டா, தென்மேற்கில் செர்கோ என்று நிறுவனங்கள் நடத்துகின்றன. போனில், வீடியோவில், அல்லது நேரில். பேசுபவர் டொக்டர், நர்ஸ், ஃபிசியோ யாராகவும் இருக்கலாம். முடிவு எடுப்பது அவரல்ல. அவர் அறிக்கை எழுத, டிடபிள்யூபி முடிவெடுக்கும்.

‘இன்றைக்கு எப்படி வந்தீர்கள்?’, ‘தொலைக்காட்சியில் என்ன பார்ப்பீர்கள்?’ என்று ஊர்க்கதை போலக் கேட்பார்கள். எல்லாம் கணக்கு. ‘பஸ்ஸில் வந்தேன்’ என்றால் தனியே பஸ் ஏறுபவர். மகன் கையைப் பிடித்து ஏற்றி, இருக்கை பிடித்துக் கொடுத்து, இறக்கிவிட்டான் என்றால் அதையும் சொல்லுங்கள். ‘ஹவ் ஆர் யூ?’ என்றதும் ‘ஃபைன்’ என்று வாய் முந்தும். அதைக் கொஞ்சம் அடக்குங்கள். ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒலிப்பதிவு வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். நேரில் போனால் பயணச் செலவு திரும்பக் கிடைக்கும்.

கான்சருக்குக் கீமோ போகுது. அந்த முழு ஃபோமும் நிரப்ப வேணுமா?

வேண்டாம். கீமோவோ ரேடியோதெரபியோ நடக்கிறது, நடக்கப்போகிறது, அல்லது அதிலிருந்து தேறிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் படிவத்தில் கான்சருக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அதை டொக்டரிடமோ கான்சர் நர்ஸிடமோ கொடுத்து நிரப்புங்கள். சிகிச்சையின் விளைவுகள் உங்களை முடக்குகின்றன என்று அவர்கள் எழுதினால் அதை வைத்தே பெரும்பாலும் முடித்துவிடுவார்கள். ஆயுள் 12 மாதத்துக்குள் என்று டொக்டர் கருதும் நிலையில் எஸ்ஆர்1 என்ற படிவம் தருவார். அதற்குப் பிறகு இந்தச் சோதனையே இல்லை, 3 மாதக் காத்திருப்பும் இல்லை.

எனக்கு பிப் கிடைக்குது. இது தானா வராதா?

வராது. பிப் (பெர்சனல் இண்டிபென்டன்ஸ் பேமென்ட்) அன்றாட உதவிக்கு, இது வேலைத் திறனுக்கு. இரண்டும் வேறு சோதனை, வேறு புள்ளி. ஆனால் பிப் அறிக்கை உதவுமென்றால் கொப்பி இணைக்கலாம்.

‘எல்சிடபிள்யூ’ என்று வந்திருக்கு. காசு கூடேல்லையே?

முடிவு மூன்று விதம். ஒன்று, வேலை செய்யலாம். இரண்டு, எல்சிடபிள்யூ, அதாவது வேலைத் திறன் குறைந்தவர்: இப்போது வேலை தேட வேண்டாம், ஆனால் தயாராக வேண்டும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவர்களுக்கு இதில் கூடுதல் பணம் இல்லை. மூன்று, எல்சிடபிள்யூஆர்ஏ, அதாவது வேலைக்கும் வேலைத் தயாரிப்புக்கும் திறன் குறைந்தவர்: தயாராகவும் வேண்டாம், பணமும் கூடும். இதற்கு வெறும் 15 புள்ளி போதாது. தனிப்பட்டியலில் உள்ள கடுமையான நிலைகளில் ஒன்று பொருந்த வேண்டும். 50 மீட்டர், அரை லிட்டர் பால் பெட்டி இரண்டும் அதிலும் உண்டு.

2026 ஏப்ரல் 6க்கு முன்பே மூன்றாவது வகையில் இருந்தவர்களுக்கு மாதம் 429.80 பவுண். அதற்குப் பிறகு புதிதாக வருபவர்களுக்கு 217.26 பவுண், வாழ்நாள் முழுக்க நீடிக்கும் மிகக் கடுமையான நோய், ஆயுள் முடியும் நிலை ஆகியவற்றுக்கு மட்டும் பழைய தொகை. ஒரே நோய்க்குச் சேர்ந்த தேதியைப் பொறுத்து இரண்டு விலை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

0 புள்ளி என்று கடிதம் வந்திட்டுது. இனி என்ன?

முடிவுத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் ‘மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன்’, அதாவது மறுபரிசீலனை கேளுங்கள். ஜர்னலில் எழுதலாம். கூடவே அசெஸ்மென்ட் அறிக்கையின் கொப்பியையும் கேளுங்கள். அதில் ‘அரை மணி நேரம் சிரமமின்றி இருந்தார்’ என்பது போன்ற வரிகளைப் பார்த்து, நடந்தது என்ன என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள். ‘அநியாயம்’ என்று எழுதுவதில் பலனில்லை. எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி, ஏன் என்று எழுதுங்கள்.

அதிலும் மாறாவிட்டால், அந்தக் கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் ட்ரிபியூனலுக்கு மேல்முறையீடு. கட்டணம் இல்லை, மொழிபெயர்ப்பாளர் உண்டு. ஒரு நீதிபதியும் ஒரு டொக்டரும் கேட்பார்கள். அவர்கள் டிடபிள்யூபியின் ஆட்கள் அல்ல. பார்ப்பது முடிவெடுத்த நாளில் உங்கள் நிலை என்ன என்பதை. இடையில் நோய் கூடியிருந்தால் அதற்குத் தனியாகப் பதிய வேண்டும்.

15 வராது என்று தெரியும். ஆனா வேலைக்கு அனுப்பினா அவர் உயிரோட இருக்க மாட்டார் என்று பயமா இருக்கு.

அதற்கும் விதி இருக்கிறது. வேலைக்கோ வேலைத் தயாரிப்புக்கோ தகுதி என்று முடிவெடுப்பதால் அவருக்கோ பிறருக்கோ உடல், மனநலத்தில் பெரும் ஆபத்து உண்டாகும் என்றால் புள்ளி இல்லாமலே ஏற்கலாம். தற்கொலை முயற்சி, வலிப்பு, திடீரென்று நோய் கிளர்வது போன்றவற்றை ‘மற்ற தகவல்கள்’ பகுதியில் தேதிகளோடு எழுதி, ‘பெரும் ஆபத்து’ விதியைப் பாருங்கள் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மனநல டீமின் கடிதம் இருந்தால் இந்த இடத்தில்தான் அதற்குப் பலம். அந்த எண்ணம் இப்போதே இருக்கிறதென்றால் படிவம் கிடக்கட்டும், 111க்கு அழைத்து மனநல உதவியைத் தேர்ந்தெடுங்கள். உடனடி ஆபத்தென்றால் 999.

ஸ்கில்டு வொர்க்கர் விசால இருக்கேன். கேட்டா விசா போயிடுமா?

விசாவில் ‘பொது நிதி இல்லை’, அதாவது அரசு உதவிப் பணம் வாங்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் யூனிவர்சல் கிரெடிட் கேட்காதீர்கள். அது பொது நிதி, விசாவைப் பாதிக்கும். சிக் பேயும் நியூ ஸ்டைல் இஎஸ்ஏயும் பொது நிதி அல்ல, நீங்கள் வேலை பார்த்துக் கட்டியதற்கு வருபவை. ஆனால் நோயால் வேலையே போகும் நிலை வந்தால் ஸ்பொன்சர் பிரச்சினை தனி; விண்ணப்பிக்கும் முன் குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் பேசுங்கள்.

பெனிபிட்ல இருக்கும்போது ஊருக்குப் போகலாமா? கொஞ்ச நேரம் வேலை செய்யலாமா?

போகலாம், சொல்லிவிட்டு. யூனிவர்சல் கிரெடிட்டில் ஒரு மாதம், இஎஸ்ஏயில் 4 வாரம். சிகிச்சைக்கென்றே போவதானால் ஏறத்தாழ 6 மாதம் வரை. தகுதியான மருத்துவரின் கடிதம் கையில் இருக்கட்டும். அசெஸ்மென்ட் தேதி வந்திருந்தால் முதலில் அதை மாற்றிக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

வேலையும் முழுக்கத் தடையில்லை. இஎஸ்ஏயில் வாரம் 16 மணி நேரத்துக்குள், வருமான வரம்புக்கு உட்பட்டு, முன்கூட்டியே அறிவித்துச் செய்யலாம். யூனிவர்சல் கிரெடிட்டில் எல்சிடபிள்யூ அல்லது எல்சிடபிள்யூஆர்ஏ உள்ளவர்களுக்கு ஒரு தொகை வரை சம்பளத்தைத் தொட மாட்டார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் குறையும். ஆனால் சோதனை இன்னும் நடக்கவில்லை, பிப் போன்றதும் இல்லை என்றால், குறைந்தபட்சக் கூலியில் வாரம் 16 மணி நேரத்துக்கு வரும் அளவு சம்பாதித்தால் சோதனைக்கே அனுப்ப மாட்டார்கள். எத்தனை மணி நேரம் என்று ஒப்புக்கொள்ளும் முன் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.